மாத்திரையை விடுவது தயாரிப்பு அல்ல

"குழந்தைக்குப் பார்க்கிறீங்கன்னா முதல்ல அந்தத் தைராய்டு மாத்திரையை நிறுத்தும்மா. தினமும் கெமிக்கல் உள்ள போனா வயித்துல பிள்ளை எப்படித் தங்கும்? உடம்பைச் சுத்தம் பண்ணிட்டு அப்புறம் பாரு."

தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குக் கல்யாணமாகி, "ஏதாவது விசேஷமா?" என்று ஊர் கேட்கத் தொடங்கும்போது இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. மாமியார் சொல்கிறார், ஒன்றுவிட்ட அக்கா சொல்கிறார், யூடியூபில் இயற்கை வைத்தியம் பேசுகிறவர் சொல்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் மூன்று நிமிடம் பேசியிருப்பார். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். கேட்கிற பெண்ணுக்கு அந்த அக்கறை மேல் நம்பிக்கை வருவது இயல்பு. ஆனால் அக்கறையோடு சொல்வதால் தவறு சரியாகிவிடாது. ஹஷிமோட்டோ தைராய்டு நோய் உள்ள ஒரு பெண் கர்ப்பத்துக்குத் தயாராகும்போது மாத்திரையைச் சரியான அளவில் எடுப்பதுதான் தயாரிப்பின் முதல் வேலை. அதை நிறுத்தச் சொல்வது, அவளுக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் தீங்கு செய்யச் சொல்வது. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதுகிறேன்.

உப்பில் அயோடின் சேர்க்கும் நாடுகளில் தைராய்டு தளர்வதற்கு முதல் காரணம் ஹஷிமோட்டோதான். 1912இல் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர், நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். சுரப்பித் திசுவுக்குள் ரத்த வெள்ளணுக்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்திருந்தன. ஏன் நுழைந்தன என்பது 1956இல்தான் தெரிந்தது. லண்டனில் ஐவன் ராய்ட்டும் டெபோரா டோனியாக்கும் இருந்த குழு, இந்த நோயாளிகளின் ரத்தத்தில் சொந்தச் சுரப்பிக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதைக் கண்டுபிடித்தது. நோயை எதிர்க்க வேண்டிய சக்தி தன் உடம்பின் ஒரு பாகத்தையே பகையாக எடுத்துக்கொள்கிறது. தன்னெதிர்ப்பு நோய் என்பது இதுதான். நம் நாட்டில் இது அரிதும் அல்ல. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் பெரியவர்களிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. ஏறக்குறைய 22 பேருக்குத் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது.

இந்த நோயில் சுரப்பி ஒரே நாளில் கெடுவதில்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திசு அழிந்து தழும்பாகிறது. மிஞ்சிய திசுவை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இன்னும் சுரக்கச் சொல்லி விரட்டுகிறது. அந்த விரட்டலின் அளவுதான் ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். என்று வரும் எண். எண் ஏற ஏற, சுரப்பி தளர்ந்துகொண்டு போகிறது என்று பொருள். உணவை மாற்றி, கஷாயம் குடித்து அந்தத் தழும்பைத் திரும்பவும் சுரப்பியாக்கலாம் என்பதற்கு எந்த நிரூபணமும் கிடையாது. "வேரோடு குணமாக்குகிறோம்" என்கிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த வேர்?

இனி அந்தக் "கெமிக்கல்". எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது லெவோதைராக்ஸின். ஆரோக்கியமான பெண்ணின் கழுத்துச் சுரப்பி என்ன மூலக்கூறைச் சுரக்கிறதோ, நான்கு அயோடின் அணுக்களோடு அதே மூலக்கூறு. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற மருத்துவர், தைராய்டு முற்றிலும் தளர்ந்து ஊதிப்போயிருந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறி, அதற்குப் பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் விலங்குகளின் தைராய்டிலிருந்து தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927இல் லண்டனில் அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். ஆட்டின் கழுத்திலிருந்து எடுத்தாலும் ஆலையில் செய்தாலும் உடம்புக்குள் போனபின் அது தைராக்ஸின்தான். கருவைச் சுமக்கும் எல்லாப் பெண்களின் ரத்தத்திலும் ஓடுவதும் அதுதான். இந்த மருந்தால் நெஞ்சு படபடப்பதும் எலும்பு தேய்வதும் தேவைக்கு மேல் எடுக்கும்போது நடப்பவை. அதைத் தவிர்க்கத்தான் ரத்தப் பரிசோதனை. "ஒருமுறை ஆரம்பிச்சா விடவே முடியாது" என்பதும் மாத்திரையின் குற்றம் இல்லை. விட முடியாமல் போவதற்குக் காரணம் சுரப்பி அழிந்தது. மாத்திரை அதை அழிக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் முதல் பன்னிரண்டு வாரக் கணக்கை மறக்கக் கூடாது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் தைராய்டு சுரப்பி உருவாகிறது. ஆனால் அது வேலை தொடங்குவதே 10ஆவது, 12ஆவது வாரத்தில்தான். போதுமான அளவு சுரப்பதற்கு 18 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை சிசுவின் மூளை வளர்வதற்கு வேண்டிய தைராக்ஸின் தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டும். கரு தங்கியதும் உடம்பில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஏறுகிறது. கார்டு டெஸ்ட்டில் இரண்டு கோடு போடுவது இதுதான். இதே ஹார்மோன் தாயின் தைராய்டையும் தட்டியெழுப்பி அதிகம் சுரக்க வைக்கிறது. ஆரோக்கியமான சுரப்பி அந்த ஆணைக்கு உடனே எழுந்துவிடும். ஹஷிமோட்டோவில் பாதி அழிந்த சுரப்பியிடம் அதைக் கேட்பது, வற்றிய கிணற்றில் மோட்டாரை விடாமல் ஓட்டுவது. தண்ணீர் வராது.

2004இல் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு இந்தக் கணக்கைத் தெளிவாகக் காட்டியது. மாத்திரை எடுத்துவந்த பெண்களின் 20 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவற்றில் 17இல் மாத்திரை அளவை உயர்த்த வேண்டிவந்தது. கர்ப்பத்தின் முதல் பாதிக்குள் தேவை சராசரியாக 47 சதவீதம் கூடியது. இந்த ஏற்றம் ஐந்தாவது வாரத்திலேயே தொடங்கிவிட்டது. ஐந்தாவது வாரம் என்றால் நாள் தள்ளிப்போய் ஒரு வாரம். பல பெண்கள் அப்போதுதான் கார்டு வாங்கலாமா என்று யோசிப்பார்கள். கிராமச் செவிலியரிடம் பதிந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கி, முதல் ஸ்கேனுக்குப் போவதற்குள் இன்னும் சில வாரம் ஓடிவிடும். அதிகம் தேவைப்படும் காலத்தில் பெண்ணுக்கு இருந்ததையும் பிடுங்கிவிட்டு, மூன்றாம் மாதம் டாக்டரிடம் கூட்டிப்போய் "பிள்ளை நல்லா இருக்கா பாருங்க" என்று கேட்பதில் என்ன நியாயம்?

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை, ஈரோட்டுப் பக்கம். 75 பவர் மாத்திரையில் அவருடைய டி.எஸ்.ஹெச். ஒழுங்காக இருந்தது. குழந்தைக்குத் தயாராக வேண்டும் என்று, வீட்டார் பேச்சைக் கேட்டு ஒரு மண்டலம் மாத்திரையை நிறுத்தினார். அதற்குப் பதில் விடிகாலையில் கொத்தமல்லி விதை ஊறிய தண்ணீர், சாயங்காலம் மந்தாரைப் பட்டைக் கஷாயம். கோதுமை கிடையாது, பால் கிடையாது. முதல் இரண்டு வாரம் அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. "மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கேன், இத்தனை வருஷம் வீணா சாப்பிட்டிருக்கேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் எடுக்கும். முதல் வாரம் கழித்தும் பாதி இருக்கும். இரண்டாம் வாரம் கால்வாசி. ஆகவே, நிறுத்தியவுடன் எதுவும் ஆகாததற்குக் காரணம் கஷாயம் இல்லை, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரை. 48 நாளில் அது ஏறக்குறைய ஏழு தடவை பாதியாகிவிடும். மிச்சம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. மண்டலக் கணக்கு முடிவதும் உடம்பில் மாத்திரை தீர்ந்துபோவதும் ஒன்றாக நடக்கின்றன. அந்த ஆசிரியைக்கும் அப்படித்தான் ஆனது. மண்டலம் முடியும்போது முடி கொத்துக் கொத்தாக வந்தது, வகுப்பில் நாற்காலியில் சாய்ந்து தூங்கினார், மாதவிடாய் தாறுமாறானது. பரிசோதித்தபோது டி.எஸ்.ஹெச். 40ஐத் தாண்டியிருந்தது. தைராய்டு இந்த அளவு தளர்ந்தால் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி, கருமுட்டை வெளிவருவதையே தடுக்கலாம். பிள்ளை வேண்டும் என்று செய்த காரியம் பிள்ளை தங்குவதற்கான வழியையே அடைத்தது. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து எண் பழைய நிலைக்கு இறங்க மாதங்கள் ஆயின.

ஒருவர் கதையை வைத்து நான் வாதாட விரும்பவில்லை. எதிர்த்தரப்பு முழுக்க அப்படித்தான் வாதாடுகிறது. "எங்க அண்ணி மாத்திரையை விட்டுட்டு ரெண்டே மாசத்துல மாசமானாங்க." இந்தக் கதைகள் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் உண்மைதான். டி.எஸ்.ஹெச். லேசாக ஏறியிருக்கும் பலருக்கு, எந்த மருந்தும் இல்லாமலே அடுத்த பரிசோதனையில் அது இறங்கியிருக்கும். பிரசவத்துக்குப் பின் வரும் ஒருவகைத் தைராய்டு அழற்சி சில மாதங்களில் தானே சரியாவது உண்டு. முடி வளர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல ஆய்வுக்கூடக் கருவிகளில் டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இப்படித் தானாகத் தேறியவர்கள், தவறான ரிப்போர்ட் வாங்கியவர்கள், முதலிலேயே மாத்திரை தேவைப்படாதவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் "இயற்கையில் குணமானவர்கள்" கூட்டம். நிறுத்திவிட்டுத் தளர்ந்துபோனவர்கள் யாரும் வீடியோவில் வந்து பேசுவதில்லை. கரு கலைந்தவர்கள் வாயே திறப்பதில்லை.

"நம்ம பாட்டிங்க என்ன டெஸ்ட் எடுத்தாங்க? பத்துப் பிள்ளை பெத்தாங்களே?" என்பது அடுத்த வாதம். பெற்றார்கள். எத்தனை கலைந்தன, எத்தனை பிள்ளைகள் மந்தமாகப் பிறந்தன என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. தாய்க்குத் தைராய்டு ஹார்மோன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்திய மண்ணே காட்டியது. இமயத்தின் அடிவாரத்தில் ஊர் ஊராக முன்கழுத்துக் கழலையோடு ஜனங்கள் வாழ்ந்தார்கள். காது கேட்காமல், வளர்ச்சி குன்றி, மனவளர்ச்சி இல்லாமல் பிள்ளைகள் பிறந்தார்கள். 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவும் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் ஒரு பகுதிக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் கழலை குறைந்தது. அங்கே காரணம் அயோடின் பற்றாக்குறை. ஹஷிமோட்டோவில் காரணம் வேறு. ஆனால் தாயின் ரத்தத்தில் ஹார்மோன் இல்லை என்றால், காரணம் எதுவானாலும் சிசுவுக்கு அது கிடைக்கப்போவதில்லை.

உப்பைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பைச் சுத்தம் செய்யும் இதே திட்டத்தில் அயோடின் உப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள். இந்துப்பில் யாராவது தனியாகச் சேர்த்தாலொழிய அயோடின் போதிய அளவு இருக்காது. கர்ப்பிணிக்கு நாளுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொரு பக்கம், "தைராய்டுக்கு நல்லது" என்று கடற்பாசி மாத்திரை விற்கிறார்கள். ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு அளவு மீறிய அயோடின் சுரப்பியை மேலும் முடக்கும். சமையலுக்குச் சாதாரண அயோடின் உப்பு போதும். முட்டைக்கோஸையும் முள்ளங்கியையும் கண்டு ஓட வேண்டியதில்லை. வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

"தைராய்டு மாத்திரை பிள்ளையைப் பாதிக்கும்" என்ற பயத்துக்கு ஓர் உண்மையான வேரும் இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு எடுப்பது லெவோதைராக்ஸின். அதிகமாகச் சுரப்பதற்கு, முக்கியமாக கிரேவ்ஸ் நோய்க்கு, எடுப்பது கார்பிமசோல். இரண்டும் நேரெதிர் மருந்துகள். வீட்டில் இரண்டுக்கும் தைராய்டு மாத்திரை என்றுதான் பெயர். கார்பிமசோலைக் கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் எடுத்தால் சிசுவுக்குப் பிறவிக் குறைகள் வரும் வாய்ப்பு உண்டு. அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே அல்லது கருத்தரித்த உடனே வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். சிலருக்கு டாக்டரே நிறுத்திப் பார்ப்பார். கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்தவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். யாரோ ஒரு பெண்ணுக்கு டாக்டர் கார்பிமசோலை நிறுத்தியதைக் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் லெவோதைராக்ஸினை நிறுத்தச் சொல்கிறார்கள். பயம் ஓரிடத்தில் நியாயமாகப் பிறந்து இன்னோர் இடத்தில் விஷமாகிறது. கார்பிமசோல் எடுக்கிறவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது. கட்டுப்படாத கிரேவ்ஸ் நோய் கர்ப்பத்துக்கு இன்னும் ஆபத்து.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் வீடுகளிலிருந்து வருவதல்ல, மருத்துவ இதழ்களிலிருந்து வருவது. அதை மறைத்துவிட்டுப் பேச நான் விரும்பவில்லை. தைராய்டு ஆன்டிபாடி உள்ள பெண்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 1990இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதைத் தொடர்ந்து, ஆன்டிபாடி இருக்கிறது என்பதற்காகவே, டி.எஸ்.ஹெச். சரியாக இருக்கும் பெண்களுக்கும் மாத்திரை கொடுக்கும் வழக்கம் கருத்தரிப்பு மையங்களில் பரவியது. 2019இல் பிரிட்டனில் 952 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் ஆன்டிபாடி இருந்தது, சுரப்பி சரியாக வேலை செய்தது. கரு கலைந்த அனுபவமோ குழந்தையின்மையோ இருந்தது. பாதிப் பேருக்கு 50 மைக்ரோகிராம் லெவோதைராக்ஸின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. குழந்தை பிறந்தது முதல் குழுவில் 37.4 சதவீதம், இரண்டாவதில் 37.9 சதவீதம். மாத்திரையால் பயன் இல்லை.

இதை எடுத்துக்கொண்டு "பார்த்தீர்களா, டாக்டர்களே மாத்திரை வேண்டாம் என்கிறார்கள்" என்று பேசுவது மோசடி. அந்த ஆய்வில் யாருடைய சுரப்பியும் தளர்ந்திருக்கவில்லை. தளர்ந்த சுரப்பிக்கு ஈடாக மாத்திரை எடுக்கும் பெண்ணைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. 2012இல் வந்த இன்னோர் ஆய்வையும் இப்படியே இழுக்கிறார்கள். லேசான குறைபாடு உள்ள கர்ப்பிணிகளைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தும், மூன்று வயதில் அவர்கள் பிள்ளைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்றது அது. அங்கே சிகிச்சை தொடங்கியதே சராசரியாக 13 வாரம் கடந்த பின்பு. சிசு தாயை மட்டுமே நம்பியிருந்த தொடக்க வாரங்கள் அதற்குள் போய்விட்டன. 1999இல் வந்த ஆய்வில், சிகிச்சை பெறாத தைராய்டு குறைபாட்டோடு கர்ப்பத்தைக் கடந்த தாய்மார்களின் பிள்ளைகள், 7 முதல் 9 வயதில் மற்றப் பிள்ளைகளைவிட அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி குறைவாக எடுத்தார்கள். அதே சமயம், 2019 ஆய்வு காட்டியபடி, ஆன்டிபாடி மட்டும் இருந்து டி.எஸ்.ஹெச். ஒழுங்காக இருக்கும் பெண்ணுக்கு மாத்திரையைத் திணிப்பதையும் நான் எதிர்க்கிறேன். அவளுக்கு வேண்டியது கருத்தரித்ததும் மாதம் ஒருமுறை பரிசோதனை. சுரப்பி தளர்ந்தால் உடனே மாத்திரை. மாதாமாதம் ஆன்டிபாடி எண்ணை எடுத்துப் பார்த்து, அது குறையவில்லையே என்று அழ வேண்டியதில்லை. மாத்திரையை முடிவு பண்ணும் எண் டி.எஸ்.ஹெச்.தான்.

அந்த எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆய்வுக்கூடத் தாளில் டி.எஸ்.ஹெச். 4.2 என்று இருக்கும், பக்கத்தில் 0.4 முதல் 4.5 வரை என்று அச்சடித்திருக்கும். சிவப்பு எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. "எல்லாம் நார்மல்" என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த வரம்பு பொதுவாக எல்லாப் பெரியவர்களுக்கும் போட்டது. குழந்தைக்குத் தயாராகும் பெண்ணை மனதில் வைத்துப் போட்டதில்லை. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டு கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு டி.எஸ்.ஹெச். 2.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மாத்திரை அளவை மாற்றினால் எண் நிலைப்படுவதற்கு ஆறு வாரம் ஆகும். அதனால்தான் இந்த வேலையைக் கருத்தரித்த பின் தொடங்கக் கூடாது, அதற்குச் சில மாதம் முன்பே தொடங்க வேண்டும். கரு தங்கியது தெரிந்த அன்றே, வாரத்துக்கு ஏழு மாத்திரை என்பதை ஒன்பதாக்கிவிட்டு டாக்டருக்குச் சொல்லலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. பாதிக் கர்ப்பம் கடக்கும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, பின்பு 30ஆவது வாரத்தை ஒட்டி ஒன்று. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி ஒரு பரிசோதனை.

டாக்டர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "வெறும் வயித்துல போடுங்க" என்று ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிடுகிறார்கள். நம் வீட்டுக் காலை எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை. மருமகள் ஐந்தரைக்கு எழுந்து, டிகாஷன் இறங்கும்போதே பால் காய்ச்சி, மாமனாருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, நின்றபடி தானும் ஒரு வாய் குடித்து, அந்தக் காபியோடு மாத்திரையையும் விழுங்குகிறாள். காபி மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பம் என்றதும் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். அவற்றைத் தைராய்டு மாத்திரையோடு ஒன்றாகப் போட்டால் தைராக்ஸின் குடலிலேயே சிக்கிக்கொண்டு வெளியே போய்விடும். நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். காலையில் வேலை ஓயாது என்கிறவர்கள், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். பலருக்கு அது தோதாக இருக்கும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று புலம்பும் பல வீடுகளில் பிரச்சினை இந்தக் காபி டம்ளரில்தான் இருக்கிறது.

மாத்திரையை மறைக்கிற வழக்கம் இதையெல்லாம்விட எனக்கு வேதனை தருகிறது. பெண் பார்க்க வரும்போது, "தைராய்டு இருக்குன்னு சொல்லிடாதே, பிள்ளை பிறக்காதுன்னு நினைச்சிடுவாங்க" என்று பெற்ற அம்மாவே சொல்லி வைக்கிறார். கல்யாணம் ஆனதும் மாத்திரைப் பாட்டில் கைப்பையின் அடியில், துணிக்கு நடுவில் போகிறது. பார்த்துவிடுவார்களோ என்று இரண்டு நாள் போடாமல் விடுகிறாள். விருந்துக்குப் போன ஊரில் ஒரு வாரம் விடுகிறாள். நல்ல அளவில் மாத்திரை எடுத்தால் மற்றப் பெண்களைப் போலவே கருத்தரித்துப் பெற்றெடுக்கக்கூடிய ஒரு நோயை, நாம் குடும்ப மானத்தின் விஷயமாக்கி வைத்திருக்கிறோம். அப்புறம் கரு கலைந்தால், "மாத்திரை மாத்திரைன்னு சாப்பிட்டாளே, அதான்" என்று பழியும் அவள் மேலேயே விழுகிறது. பல கருக்கலைவுகளுக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அதைத் தடுக்க அவளால் எதுவும் செய்திருக்க முடியாது. மாத்திரை எடுத்ததற்காக யாரும் அவளைக் குற்றம் சொல்ல உரிமை இல்லை.

மாமியார்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை மேல் உள்ள ஆசையில்தான் பேசுகிறீர்கள், தெரியும். அந்த ஆசைக்கு ஒரு வேலை கொடுங்கள்: காலைக் காபியை மருமகள் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கணவர்களே, பரிசோதனைத் தேதிகளை உங்கள் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கக் கூடவே போங்கள். குழந்தைக்குத் தயாராகும் பெண்களே, இந்த வாரமே டாக்டரிடம் போய் டி.எஸ்.ஹெச். பாருங்கள். நாள் தள்ளிப்போன அன்று எத்தனை மாத்திரை எடுக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் கையால் சீட்டில் எழுதி வாங்கி வையுங்கள். யார் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அந்தச் சீட்டைக் காட்டாமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.